பொலிஸார் சொன்னார்கள், நான் எழுதினேன்

அந்தச் செய்தி மொத்தம் ஒன்பது வரி. இரவு வாவிக்கு மீன்பிடிக்கப் போன ஒருவர் விடியும்போது சடலமாகக் கிடந்தார். காலை ஏழு மணிக்கு முன்பே பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய கான்ஸ்டபிள் பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னார். எப்படி விழுந்தவராம் என்று கேட்டேன். "தெரியல்ல தம்பி, சிலவேளை குடிச்சிருப்பார்" என்றார்.

நான் எழுதியது இப்படி: "மதுபோதையில் தோணியிலிருந்து தவறி விழுந்து உயிரிழந்துள்ளதாகப் பொலிஸார் தெரிவித்தனர்." கொழும்பில் இருந்த ஆசிரியபீடம் தலைப்புப் போடும்போது பொலிஸாரையும் எடுத்துவிட்டது. "மதுபோதையில் வாவியில் விழுந்தவர் சடலமாக மீட்பு" என்று அடுத்த நாள் பத்திரிகை வந்தது. கான்ஸ்டபிளின் வாயில் இருந்த "தெரியல்ல", "சிலவேளை" என்ற இரண்டு சொற்களையும் நடுவில் எடுத்துப் போட்டவன் நான்தான்.

நான்காம் நாள் அவருடைய தாய் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் ஒரு ஷொப்பிங் பை. "மனே, நீங்கதானே பேப்பருக்கு எழுதுற? என்ட புள்ள ஒரு சொட்டும் குடிக்கிறல்ல" என்றார். பையிலிருந்து ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். பல வருடமாக வலிப்புக்கு மருந்து எடுத்து வந்த மனிதர். மாதம் தவறாத பதிவுகள். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளிடம் வகுப்புப் பிள்ளைகள் "உங்கட அப்பா குடிச்சிட்டுத்தானே செத்தவர்" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கிறாளாம். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. "ஆரிட்டக் கேட்டு எழுதின மனே?" என்று மட்டும் கேட்டார். பொலிஸில் சொன்னார்கள் என்றேன். "எங்கட வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே, கிட்டத்தானே" என்றார். உண்மைதான். என் வீட்டிலிருந்து அந்த வீடு மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம்.

மட்டக்களப்பில் பிராந்தியச் செய்தியாளரான நான் ஒரு நாளைக்கு அனுப்பும் செய்திகளில் பாதிக்கு மேல் பொலிஸிலிருந்து கிடைப்பவைதான். கசிப்பு, ஐஸ், கேரளக் கஞ்சா, மண் ஏற்றிய உழவு இயந்திரம், விபத்து, சடலம். அவற்றுக்கு ஒரு அச்சு இருக்கிறது. "கிடைக்கப்பெற்ற இரகசியத் தகவலையடுத்து" என்று தொடங்கும். "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்" என்று முடியும். நடுவில் பெயரையும் ஊரையும் கிராம் அளவையும் மாற்றினால் போதும், ஐந்து நிமிடத்தில் செய்தி ரெடி. இந்தக் கடைசி வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த மேலதிக விசாரணையில் என்ன நடந்தது என்று திரும்பிப் போய்க் கேட்ட தடவைகளை மட்டும் விரல்விட்டு எண்ணலாம்.

செய்தியாளர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. பெட்ரோல் எங்கள் கையிலிருந்து. களுவாஞ்சிக்குடியில் ஒரு வழக்கு, வாழைச்சேனையில் ஒரு வழக்கு என்று நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய் உட்கார்ந்தால் அந்த நாள் உழைப்பு போய்விடும். அதற்குள் வட்ஸ்அப் குழுவில் பொலிஸ் தகவல் வந்து, நாலு இணையத்தளம் போட்டு முடித்திருக்கும். "மற்ற ஆக்கள் போட்டுட்டாங்க, நீங்க என்ன செய்றீங்க?" என்று ஆசிரியபீடத்தில் இருந்து போன் வரும்.

அதைவிட என்னை உறுத்திய விஷயம் வேறு. பாதிக்கப்பட்ட ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி அனுப்பினால், ஆசிரியபீடத்தின் முதல் கேள்வி "பொலிஸ் உறுதிப்படுத்தினதா?" என்பதுதான். நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பொலிஸ் சொன்னதை அனுப்பினால், "அந்த வீட்டு ஆக்கள் உறுதிப்படுத்தினாங்களா?" என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. மானநஷ்ட வழக்கு வந்தால் பொலிஸ் சொன்னது என்று காட்டிவிடலாம் என்ற தைரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தைரியத்துக்கான விலையை யாரோ ஒரு குடும்பம் கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பொலிஸார் தெரிவித்தனர்" என்பதில் பேசுபவருக்குப் பெயர் இருக்காது. அனுமதி இல்லாமல் ஊடகத்துக்குப் பேச முடியாத அதிகாரிகள் "என்ட பெயரப் போடாதீங்க" என்று சொல்லித்தான் விவரம் தருவார்கள். ஊர்க்காரர் ஒருவர் பெயர் சொல்லாமல் பேசினால் நாங்கள் நம்பத் தயங்குவோம். பொலிஸ் நிலையத்தில் பெயர் சொல்லாமல் பேசினால் அது அதிகாரபூர்வமான தகவல். அதே நேரம் பிடிபட்டவருடைய பெயர், வயது, கிராமம், சில இடங்களில் முகமும் வந்துவிடும். சாட்சிகள் ஆளை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டிய வழக்கில் முகத்தை முன்கூட்டியே போட்டால் வழக்கே பாழாகிவிடும் என்று ஒரு சட்டத்தரணி எனக்கு விளக்கிச் சொல்லும்வரை நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

மொழி அடுத்த சிக்கல். பொலிஸ் தலைமையகத்திலிருந்து வரும் அறிக்கை பல நேரம் சிங்களத்தில்தான் முதலில் கைக்கு வரும். இங்கே முறைப்பாடு கொடுக்கப் போகும் தமிழ் பேசும் ஆளுடைய வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவர் விளங்காமலே கையொப்பம் வைத்துவிட்டு வருவதும் நடக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் கடமையில் இருப்பாரா என்பது அன்றைய அதிர்ஷ்டம். தமிழில் சொன்னது சிங்களத்தில் பதிவாகி, சிங்களத்தில் அறிக்கையாகி, மறுபடி என்னிடம் தமிழுக்கு வருகிறது. இதற்கிடையில் எத்தனை "சிலவேளை" தொலைந்துபோயிருக்கும்!

எங்கள் மாவட்டத்தில் இதற்குப் பெரிய உதாரணம் வவுணதீவு. 2018 நவம்பர் 30 அதிகாலை அங்கே சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். சந்தேகம் உடனே முன்னாள் புலி உறுப்பினர்கள் பக்கம் போனது. ஒருவரைக் கைது செய்தார்கள். செய்திகளும் அதே பாதையில் போயின. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகுதான், அந்தக் கொலைகளைச் செய்தது அதே தாக்குதலை நடத்திய சஹ்ரான் குழு என்று விசாரணையில் வெளிவந்தது. கைதாகியிருந்தவர் மே மாதம் விடுதலையானார். ஐந்து மாதத்துக்கு மேல் ஒரு மனிதர் செய்யாத கொலைக்காக உள்ளே இருந்தார். அந்தக் காலமெல்லாம் உண்மையில் கொன்றவர்கள் வெளியே இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு அன்று அதே குழுவின் குண்டு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள்.

அப்போது நாங்கள் ஒழுங்காகக் கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைது நடந்தவுடனே "முடிந்தது" என்ற தொனியில் எழுதியவர்களில் நாங்களும் இருந்தோம். கொல்லப்பட்ட அந்த இரண்டு பொலிஸாரின் வீட்டுக்காரர்களுக்கும் நாங்கள் பிழையான பதிலைத்தான் கொடுத்தோம்.

அப்புறம் 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கடந்த 24 மணித்தியாலத்தில் இத்தனை பேர் கைது, இத்தனை கிராம் கைப்பற்றல் என்று பட்டியல் வரும். வீடுகளுக்குள் பொலிஸாருடன் தொலைக்காட்சிக் கமராக்களும் போயின. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். நாங்கள் எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டே இருந்தோம். பிடித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த நாளே பிணையில் போனார்கள், எத்தனை பேர் மேல் வழக்கே போடப்படவில்லை என்ற கணக்கு அந்தப் பட்டியலில் இருக்காது. நாங்களும் கேட்டு வாங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிஸுக்கும் பொருந்தும். விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும், அதைக்கூட நான் செய்யவில்லை.

பயம் என்று சொல்லி ஒளிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை, பயமே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2004 மே 31 அன்று ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனை இந்த மட்டக்களப்பில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் எங்கள் மண்ணின் இன்னொரு ஊடகவியலாளர் தர்மரட்ணம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். நான் இந்த வேலைக்கு வருகிறேன் என்று சொன்னபோது அம்மா அழுததற்கு அந்த இரண்டு மரணங்களும் காரணம். சொல்லித் தந்ததை மட்டும் எழுதினால் பத்திரமாக இருக்கலாம் என்பது அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஊறிப்போன பழக்கம். காலம் கொஞ்சம் மாறிய பிறகும் பழக்கம் போகவில்லை.

பொலிஸாரில் நல்லவர்களையும் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு சார்ஜன்ட் இருந்தார். தற்கொலை என்று எல்லோரும் சொன்ன ஒரு சம்பவத்தில், "இப்ப ஒண்டும் எழுதாதீங்க தம்பி, மரண விசாரணை அதிகாரி வந்து பாக்கட்டும்" என்று என்னைத் தடுத்தவர் அவர்தான். தங்களுடைய முதல் தகவல் வெறும் முதல் தகவல்தான் என்று அவர்களில் பலருக்குத் தெரியும். அதை முடிவாக மாற்றி எழுதுபவர்கள் பல நேரம் நாங்களே.

அந்தத் தாய் வந்து போன பிறகு நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். கைதுச் செய்தி ஒன்று அனுப்பினால் நீதிமன்றத் தவணைத் திகதியை அதில் எழுதிக்கொள்வேன். அந்த நாளில் போக முடியாவிட்டால் சட்டத்தரணி யாரிடமாவது கேட்பேன். பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கையில் இருப்பதற்கும், எனக்குப் போனில் சொன்னதற்கும் வித்தியாசம் வந்த வழக்குகள் எத்தனையோ. மரணச் செய்தி என்றால் அந்த வீட்டில் ஒருவரிடமாவது பேசாமல் காரணத்தை எழுதுவதில்லை. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். இதனால் என் செய்திகள் பிந்துகின்றன, சில போடப்படாமலே போகின்றன, வருமானமும் குறைந்திருக்கிறது. ஒரு பொலிஸ் நிலையத்தில் எனக்கு இப்போது போன் எடுக்கமாட்டார்கள். சரி, அதையும் தாங்கிக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கிறது.

அந்த மீனவருடைய மரண விசாரணையில், நீரில் மூழ்கியதால் ஏற்பட்ட மரணம் என்றுதான் தீர்ப்பு வந்தது. மது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரதியை அனுப்பி, திருத்தம் போடும்படி ஆசிரியபீடத்தைக் கேட்டேன். பழைய செய்திதானே, யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். மூன்று தடவை பேசிய பிறகு, உள்பக்கத்தில் நான்கு வரி போட்டார்கள். அன்று காலையே பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். 31ஆம் நாள் முடிந்து பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பத்திரிகையை வாங்கி நாலாக மடித்துக்கொண்டே, "இன்னொரு பேப்பர் கிடைக்குமா மனே? பள்ளிக்கூடத்து டீச்சரிட்டக் குடுக்கணும்" என்றார்.