முதல் இரண்டு யூனிட் காற்றுக்கு

மார்ச் 4

வெறும் வயிற்றில் சர்க்கரை 212. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.8. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருடம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் எண் ஏறிக்கொண்டேதான் போகிறது. நானோ ஏழு கிலோ இறங்கிவிட்டேன். "வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்பார் பழைய டாக்டர். கட்டியதில் இடுப்பில் துணி நிற்கவில்லை, சர்க்கரை மட்டும் நின்றது.

இன்று பார்த்தவர் ஃபைலைத் திறக்கும் முன் என்னைப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா?" அம்மாவுக்கு இருக்கிறது. சர்க்கரைக்கு வந்தவளிடம் தைராய்டை எதற்கு விசாரிக்கிறார் என்று விழித்தேன். இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்: காட் ஆன்டிபாடி, சி-பெப்டைடு.

மார்ச் 11

காட் பாசிட்டிவ். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் காவல்படையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. தைராய்டை விசாரித்தது இதற்குத்தான், அதையும் இதே காவல்படை தாக்குவதுண்டு. டைப் 1-இன் உறவுதான், ஆனால் பெரியவர்களுக்கு மெதுவாக வருவதால் முதலில் டைப் 2, அதாவது வழக்கமான சர்க்கரை நோய், என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் லாடா. கேட்டதும் குதிரைக்கு அடிக்கிற லாடம்தான் ஞாபகம் வந்தது.

சி-பெப்டைடு என்பது கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது நறுக்கிவிடுகிற துண்டு. எவ்வளவு இன்சுலினோ அவ்வளவு துண்டு. தச்சுப்பட்டறையில் மரத்தூளைப் பார்த்து எவ்வளவு வேலை நடந்தது என்று சொல்வது போல. எனக்கு 0.38 நானோமோல். 0.3-க்குக் கீழே போனால் டைப் 1 போலவே பார்ப்பார்கள், 0.7-ஐத் தாண்டினால் டைப் 2 போல. நான் நடுவில், கீழ்ப்படிக்குப் பக்கத்தில்.

இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். ஒன்று சல்ஃபோனைல்யூரியா, கணையத்தை விரட்டிச் சுரக்க வைப்பது. களைத்த குதிரையை இரண்டு வருடம் சாட்டையால் அடித்திருக்கிறேன். இன்னொன்று சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவது. இன்சுலின் குறைந்த உடம்பில் அது, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலத்தைச் சேர்த்துவிடக்கூடுமாம்.

வெளியே வந்து அழுதேன். பயத்தில் அல்ல. ஒரு குழாய் ரத்தத்தில் தெரிந்திருக்கும் விஷயத்துக்கு, இரண்டு வருடம் ஒளித்து வைத்துத் தின்கிறவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 12

முதல் இன்சுலின் ஊசி, பேனா மாதிரி. முனை 4 மில்லிமீட்டர்தான், கண் இமை முடியை விடக் குட்டை. இரண்டு யூனிட்டுக்குத் திருகி, ஊசியை மேலே பார்க்கப் பிடித்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி இரண்டு. முனையில் ஒரு துளி உருண்டு நின்றது, அப்புறம் பேனாவின் கழுத்தில் வழிந்தது. காற்றை வெளியேற்றி மருந்து வருகிறதா என்று பார்க்கத்தான் இந்த இரண்டு யூனிட் செலவு. அப்புறம் எட்டுக்குத் திருகி வயிற்றில் குத்தி, அழுத்தி, பத்து எண்ணினேன். வலிக்கவே இல்லை. கதவோரம் நின்ற இவர்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 15

வெறும் வயிற்றில் 164. இவ்வளவுதானா என்றிருந்தது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் உலகத்திலேயே முதலில் இன்சுலின் சிகிச்சை கொடுத்தார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யாமல், மருந்தைச் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்துத் தொடர்ந்தார்களாம். சரி, எனக்கு மூன்று நாள்தானே ஆகியிருக்கிறது.

மார்ச் 29

ராத்திரி 3.10. தலையணை நனைந்திருந்தது. கை நடுங்கி ஸ்ட்ரிப் இரண்டு முறை கீழே விழுந்தது. 58. பதினைந்து கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார் என்பது பாடம். குளுக்கோஸ் எளிது, அந்தப் பதினைந்து நிமிடம்தான் யுகம். உடம்பு முழுக்க "தின்னு, தின்னு" என்று கத்துகிறது. நாலாவது நிமிடத்திலேயே பாடத்தை மறந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றேன். காலையில் 240. டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. ராத்திரி டோஸில் இரண்டு யூனிட் குறைத்தார்.

ஏப்ரல் 17

அத்தை போன். "மாத்திரை போய் ஊசிக்கு வந்துட்டியாமே, அப்போ முத்திப்போச்சா?"

"முத்தலை அத்தை. மொதல்லேர்ந்தே வேற நோய். இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"எதுக்கும் இனிப்பைக் குறைம்மா."

மறுபடி வாய்!

ஜூன் 20

எச்பிஏ1சி 7.1. தைராய்டும் பார்த்தார்கள், இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் செல்களும் மெல்லக் குறையலாம், ஒருநாள் சாப்பாட்டு வேளைக்கும் ஊசி வரும் என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். எப்போது என்று கேட்கவில்லை.

வயிற்றைத் தடவிப் பார்த்துத் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு தடிப்பைக் கண்டுபிடித்தார். வலிக்காத இடம் என்று தினமும் அங்கேயே குத்திக்கொண்டிருந்தேன். தடித்த இடத்தில் மருந்து ஒழுங்காக ஏறாதாம். காரணமே தெரியாமல் சில நாள் எண் ஆடியதற்கு இது காரணமாக இருக்கலாம். இனி இடது பக்கம், தொடை என்று மாற்றி மாற்றி.

இன்றைக்குப் புதிய பேனா. 300 யூனிட். தினம் பத்து எனக்கு, இரண்டு காற்றுக்கு. ஆக 25 நாள். பிரித்தால் 28 நாள்தான் கெடு, அதற்குள் தீர்ந்துவிடும். இருந்தாலும் லேபிளில் தேதி எழுதி வைத்தேன்.