செட்டிநாட்டு வீட்டில் ஓர் ஒட்டுண்ணிப் படம் எடுத்தோம்

காரைக்குடிக்குச் சினிமா புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் தன் ஸ்டுடியோவைக் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்தார். 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். இன்றைக்கும் கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் போனால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வண்டி நிற்கும். ஆனால் உடம்புக்குள் புகுந்து வளரும் ஓர் உயிரியைப் பற்றி அறிவியல் திகில் படம் எடுக்கப்போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "கிராபிக்ஸுக்குக் காசு இருக்கா?" இல்லை. நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம்தான் மொத்தமும். அதை வைத்துப் படத்தை முடித்துவிட்டோம். இதே மாதிரி ஆசை உள்ளவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

கதை நரம்புச் சிலந்தி நோயிலிருந்து பிறந்தது. குளத்துத் தண்ணீரையும் ஊரணித் தண்ணீரையும் அப்படியே குடித்த தலைமுறையில் இந்த நோயைப் பார்த்தவர்கள் உண்டு. சைக்ளாப்ஸ் என்ற சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிக்குள் புழுவின் இளம் பருவம் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும், நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீருக்குள் வைத்தால் கொப்புளம் உடைந்து பெண்புழு தலைநீட்டும், குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். ஒரு மீட்டர் நீளம்வரை வளரக்கூடிய புழு அது. ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்துத்தான் வெளியே எடுப்பார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது. இதையெல்லாம் படித்தபோது என் மனதைப் பிடித்துக்கொண்டது அந்த எரிச்சல்தான். புழுவுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காக மனிதன் தன் காலாலேயே தண்ணீருக்கு நடந்துபோகிறான்.

இதோடு இன்னும் இரண்டு உண்மைகளைச் சேர்த்துக்கொண்டோம். வெட்டுக்கிளிக்குள் வளரும் குதிரைமுடிப் புழு, முதிர்ந்ததும் அந்தப் பூச்சியைத் தண்ணீரில் குதிக்க வைத்து வெளியேறும். சைபீரியாவின் உறைமண்ணில் சுமார் 46,000 ஆண்டுகள் கிடந்த நுண்புழுக்கள் உயிர்பெற்றதாக 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சரி, உறைமண்ணில் உறங்க முடியுமென்றால் எங்கள் சீமையின் வறண்ட ஊரணி மண்ணிலும் ஒரு புழு உறங்கட்டும், பெருமழை பெய்ததும் விழிக்கட்டும் என்று முடிவு செய்தோம். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் ஓடி ஊரணிக்குப் போகும். புழு வீட்டுக்குள் வர அந்த வழியே போதும்.

வீடு கிடைப்பதுதான் பெரிய வேலை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் மலேசியாவில். சாவி உள்ளூரில் இருந்தாலும் சம்மதம் எல்லாரிடமும் வாங்க வேண்டும். இடம் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு தரகர் முன்பணம் வாங்கியபிறகு வாடகையை ஏற்றினார், அவரை விட்டுவிட்டோம். நேரடியாகப் போய்ப் பேசியதில்தான் காரியம் நடந்தது. வீட்டில் இருந்த ஆச்சி கதை முழுவதையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டுவிட்டு நிபந்தனைகளை வரிசையாக வைத்தார்.

"தம்பி, படைக்கிற அறைப் பக்கம் போகக்கூடாது. கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும் நடந்த வளவு இது, இங்க யாரும் செத்துக் கிடக்கிற மாதிரி எடுக்கக்கூடாது. தரையில ஒரு பொட்டுச் சாயம் பட்டாலும் போகாது, பாத்துக்கங்க."

தரையைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. செயற்கை ரத்தத்தில் சேர்க்கும் சிவப்புச் சாயம் பட்டால் உள்ளே இறங்கிவிடும். ஆகவே ரத்தம் இல்லை, வீட்டுக்குள் சாவு இல்லை. என் கதையில் மூன்று சாவுகள் வளவிலேயே நடந்தன. உட்கார்ந்து மாற்றி எழுதினேன். புழு புகுந்தவர்களுக்கு முதலில் தாகம். சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள், அண்டாவில் கை நனைத்தபடியே தூங்குகிறார்கள், கடைசியில் முகப்பைத் தாண்டித் தெருவில் இறங்கி ஊரணிக்குப் போகிறார்கள். நரம்புச் சிலந்தியின் குணத்துக்கு இதுதான் பொருத்தம். ஆச்சியின் நிபந்தனைகள் இல்லாவிட்டால் எங்கள் படமும் ரத்தம் தெறிக்கும் படங்களில் ஒன்றாகியிருக்கும். இதை நன்றியோடு சொல்கிறேன்.

இனிப் புழு. சிலிக்கானில் செய்தோம். மின்சார வயரிங்குக்குப் போடும் நெளிநெளியான வளையும் குழாயை வாங்கி, உள்ளே வாஸ்லைன் மெல்லிசாகத் தடவி, நடுவில் தூண்டில் நரம்பை இழுத்துக்கட்டி, சிலிக்கானை ஊற்றினோம். இறுகியபிறகு குழாயைப் பிளேடால் கீறி எடுத்தால் வளையம் வளையமான உடலோடு புழு வந்துவிடும். உள்ளே ஓடும் நரம்புதான் அதன் உயிர்: இழுத்தால் அறுந்துபோகாது, நுனியைப் பிடித்து ஆட்டினால் நெளியும். மதுரையில் ஒப்பனைப் பொருள் செய்யும் ஒருவர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார்: பிளாட்டினம் வகைச் சிலிக்கானுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண் அச்சோ, ரப்பர் கையுறையோ பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். வினைல் கையுறை போட்டுத்தான் வேலை பார்த்தோம். ஜெலட்டினில் செய்தால் செலவு இன்னும் குறையும், ஆனால் சித்திரை வெயிலில் அது உருகிவிடும்.

புழுமேல் பூசும் கோழைக்கு மெத்தில் செல்லுலோஸ் என்ற, தண்ணீரைக் கெட்டிப்படுத்தும் பொடி. பொடியை முதலில் கொதிநீரில் தூவிக் கலக்க வேண்டும், சூட்டில் அது கரையாமல் மிதக்கும். ஆறவைத்துக் குளிர்ந்த நீர் சேர்த்தால் வழுவழுவென்று கெட்டிப்படும். குளிர்ந்த நீரில் நேரே கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஜவ்வரிசிக் கஞ்சியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மத்தியானத்துக்குள் புளித்தது, எறும்பும் வந்தது. மெத்தில் செல்லுலோஸுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும். ஆச்சியின் தரைக்கும் அதுவே நல்லது. அப்படியும் படமெடுத்த இடத்திலெல்லாம் தார்ப்பாய் விரித்து, சட்டகத்துக்குள் தெரியும் இடத்தை மட்டும் திறந்து வைத்தோம்.

மூக்குக்குள் புழு நுழையும் காட்சியைத் தலைகீழாக எடுத்தோம். வாயை மூடிய நடிகரின் மூக்கு ஓரத்தில் புழுவின் நுனியை மட்டும் ஒட்டாமல் செருகி, நரம்பை மெதுவாக வெளியே இழுத்தோம். படத்தொகுப்பில் பின்னோக்கி ஓட்டினால் புழு தானே உள்ளே போகும். நடிகர் கண் இமைப்பதையும் தலையைப் பின்னுக்கு இழுப்பதையும் பின்னிருந்து முன்னாக நடிக்க வேண்டும், அதற்குத்தான் ஒத்திகை நிறையத் தேவைப்பட்டது. தோலுக்கடியில் ஊர்வதற்கு, முன்கையில் மெல்லிய சிலிக்கான் தோல் ஒட்டி, அதனடியில் ஒரு மணியை நரம்பில் கோத்து இழுத்தோம். பசையை முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவி, ஒவ்வாமை இல்லையென்று பார்த்துக்கொண்டோம். வியர்வையில் ஓரம் பிரிந்துவிடும், ஆகவே அந்தக் காட்சிகளை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

முக்கிய வேடத்துக்கு வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் வேடம் கட்டுகிற ஓர் அண்ணனைக் கூப்பிட்டோம். இரவு முழுக்க மேடையில் நின்று பழகிய உடம்பு, கண்ணாலேயே கதை சொல்வார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும் காட்சியை நிஜமாகவே குடித்துக் காட்டுகிறேன் என்றார். நான் விடவில்லை. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு மடக்கு, தாடையில் வழியும் தண்ணீர், தொண்டை ஏறி இறங்கும் நெருக்கக் காட்சி, காலிச் சொம்பு என்று துண்டு துண்டாக எடுத்து ஒட்டினோம். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். புழு அதில் வருவதே இல்லை. குறைந்த காசில் இப்படிப் படம் எடுப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: பணத்தில் பாதியை உயிரிக்குச் செலவழித்தாலும், நேரத்தில் முக்கால் பங்கை அது புகுந்த மனிதனுக்குக் கொடுங்கள்.

விளக்கு விஷயம் சுருக்கமாக. முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் பளபளவென்று இருக்கும், விளக்குத் தாங்கி அப்படியே அதில் தெரியும். சுவரை நோக்கி விளக்கே வைக்காமல், வளவில் விழும் வெளிச்சத்தைத் தெர்மாகோல் பலகையில் திருப்பிவிட்டோம். எல்இடி விளக்கு மினுக்கினால் கேமரா ஷட்டரை 1/50 நொடியில் வைத்துக்கொள்ளுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

ஊரணிக் காட்சிகளுக்குப் பஞ்சாயத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக்கொடுத்தோம். குடிதண்ணீர் ஊரணியில் செருப்புக் காலோடு இறங்கவே விடமாட்டார்கள், அதில் சிலிக்கானும் கோழையும் போடுவதை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. தூரக் காட்சிகளை மட்டும் குளிக்கிற ஊரணிக் கரையில் எடுத்தோம். புழுக்கள் கூட்டமாக மிதக்கும் நெருக்கக் காட்சிகளுக்குத் தோப்பில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, அடியில் வண்டல் பரப்பித் தண்ணீர் நிரப்பினோம். ஊரணியில் தண்ணீர் குடிக்கும் ஓர் ஆடு கதையில் இருந்தது. திரையரங்குக்கு அனுப்பும் படத்தில் விலங்கு வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்கு நேரமும் ஆளும் இல்லாததால் ஆடு போய், கரையில் கட்டிக்கிடக்கும் வெறும் கயிறு வந்தது.

ஒலி இல்லாமல் இந்தப் படம் இல்லை. நேரடி ஒலிப்பதிவை மயில்கள் நடக்கவிடவில்லை. இந்தச் சீமையில் விடிந்தாலும் மயில், பொழுது சாய்ந்தாலும் மயில். பாதி வசனத்தை டப்பிங்கில் சேர்த்தோம். அதிர்வை ஒலியாகப் பிடிக்கும் பீசோ தகடு ஒன்றை நீர் புகாமல் மூடி, பித்தளை அண்டாவின் வெளிப்பக்கத்தில் ஒட்டி, உள்ளே தண்ணீரைக் கையால் அளைந்தோம். அடிவயிற்றைக் கலக்கும் ஒரு முனகல் கிடைத்தது. புழு வரும் இடமெல்லாம் அந்த ஒலியைக் கொஞ்சம் வேகம் குறைத்து வைத்திருக்கிறோம். தோல் பிரியும் சத்தம் கற்றாழை மடலைக் கிழித்தது, எலும்பு நொறுங்குவது பச்சை முருங்கைக்காய்.

படம் இப்போது ஒலிக்கலவை முடிந்து தயாராக இருக்கிறது. திரையரங்கில் போடுவதென்றால் தணிக்கைச் சான்று வேண்டும். 2023இல் வந்த சட்டத் திருத்தத்தில் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கும் யுஏ பிரிவை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள், நாங்கள் 16ஐ எதிர்பார்த்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மீதமான புழுக்களுக்கு டால்கம் பவுடர் தடவி டப்பாவில் வைத்திருக்கிறேன். மடங்காமல் நீட்டி வைத்தால் சிலிக்கான் பல காலம் கெடாது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது இது மாதிரிப் படம் எடுப்பதாக இருந்தால் கேளுங்கள், கொடுக்கிறேன். செய்முறையையும் நேரில் காட்டித் தருகிறேன்.