2014-ஆ, 2015-ஆ? சோவாவேயுடன் மூன்று மாலைகள்

ஒயினில் நல்ல வருஷம், கெட்ட வருஷம் என்கிறார்களே, அது என் நாக்குக்குத் தெரியுமா என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. ஊர், திராட்சை, தோட்டம் எல்லாம் ஒன்றாக இருந்து வருஷம் மட்டும் மாறினால்தான் சோதனை சரிப்படும். இத்தாலியில் வெரோனாவுக்குக் கிழக்கே உள்ள சோவாவே ஊரின் வெள்ளை ஒயின், 2014 அறுவடையில் ஒன்றும் 2015 அறுவடையில் ஒன்றுமாக இரண்டு பாட்டில் கிடைத்தது. 2014 "கெட்ட வருஷம்" என்று கடைக்காரர் விலையைக் குறைத்தே கொடுத்தார்.

வட இத்தாலியில் 2014 கோடை முழுக்க மழையும் மப்பும்தான். 2015 ஜூலையோ அனல்.

முதல் மாலை வீண். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியதில் இரண்டும் ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீராகத்தான் இருந்தன.

மறுநாள் பாட்டில்களை அரை மணி நேரம் வெளியே வைத்தேன். நண்பர் செய்தித்தாளில் சுற்றி, எது எதுவென்று சொல்லாமல் ஊற்றினார். முதல் கிளாஸ் வாயில் பட்டதுமே பல் கூசி எச்சில் ஊறியது. பச்சை ஆப்பிள் வாசம், விழுங்கிய பிறகு பாதாம் தோலின் லேசான கசப்பு. இரண்டாவது கனமாக இருந்தது. பழுத்த பீச், கொஞ்சம் தேன், ஆனால் புளிப்பு மந்தம். கூசியதுதான் 2014 என்றேன். சரியாக இருந்தது (ஊகமும் பாதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன்).

மாங்காய் மாம்பழமாகிற கதைதான் இது. காயில் நிறைந்திருக்கும், புளிப்பு தரும் மாலிக் அமிலத்தைப் பழுக்கும்போது திராட்சை தன் சுவாசத்துக்கே எரித்துவிடுகிறது. வெயில் கூடினால் எரிவதும் கூடும். இன்னொரு பக்கம் சர்க்கரை ஏறும். அதுதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. லேபிளிலேயே 2014-க்கு 12 சதவீதம், 2015-க்கு 13.

சோவாவே ஒயினுக்கான திராட்சை கர்கானேகா; அதன் கொடியைப் பந்தலில் படரவிடுவது பழைய வழக்கம். அனல் வருஷத்தில் இலைகள் குலைக்குக் குடை பிடிக்கும். மழை வருஷத்தில் அதே நிழல் ஈரத்தைத் தேக்கி அழுகலுக்கு இடம் கொடுக்கும். 2014-இல் அழுகியதைக் கையால் பொறுக்கிக் கழித்தவர்கள் தப்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் மாலை, மிச்சத்தோடு பொரித்த கணவாய். 2015 தொட்டதோடு சரி, 2014 தீர்ந்துபோனது.

அதே 2014 சிசிலியின் எட்னா மலைச்சரிவில் அருமையான வருஷமாம். அங்குள்ள மிலோ ஊரின் கரிக்கான்தே என்ற திராட்சையின் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.