"மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள்: ஆய்வகத் தர மேலாண்மைத் தேர்வு அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. ஆனால் என்னோடு எழுதிய, என்னைவிட அதிகம் படித்த இருவர் கேஸ் தாளில் நின்றுவிட்டார்கள். அந்த வருத்தம் இருப்பதால் சூடு ஆறும் முன்பே இதை எழுதிவிடுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

கேஸ் தாளில் ஒரு குறைபாட்டைக் கொடுத்து மூல காரணமும் திருத்த நடவடிக்கையும் கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோர் கை தானாக எழுதுவது "பணியாளருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்ற ஒரே வரியைத்தான். மதிப்பெண் போவதும் அங்கேதான். அவருக்குத் தெரியாததால் தவறு நடந்தது என்று நிரூபித்த பிறகே பயிற்சி ஒரு தீர்வாகும்.

எனக்கு இது புத்தகத்தில் பிடிபடவில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வழிகாட்டியாக வந்த மூத்த அக்காவிடம்தான் கற்றேன். பயோகெமிஸ்ட்ரியில் கன்ட்ரோல் (மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஓட்டும், மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிள்) மதிப்புகள் அடிக்கடி சராசரிக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் 2 எஸ்டிக்குள் (எஸ்டி என்பது திட்டவிலக்கம்) இருந்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அக்கா, கன்ட்ரோல் மதிப்புகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் எல்ஜே சார்ட்டின் ஓரத்தில், ஒவ்வொரு வயலையும் (கன்ட்ரோல் பொடி உள்ள சிறு குப்பி) நீர் விட்டுக் கரைத்தது யார், எந்த ஷிஃப்டில் என்று பென்சிலால் குறித்தார். சரிவு முழுக்க இரவு டியூட்டியில் கரைத்த வயல்களில் இருந்தது. கோப்பில் ஏற்கெனவே "மறுபயிற்சி" கையெழுத்தோடு இருந்தது.

மறுநாள் அதிகாலை அவர் வந்து பேசாமல் பக்கத்தில் நின்றார். டெக்னீஷியன் உறைஉலர் கன்ட்ரோலில் நீர் விட்டார், வேகமாகக் குலுக்கினார், நுரை அடங்கும் முன்பே மெஷினில் வைத்தார். "எவ்வளவு நேரம் வைக்கணும் தம்பி?" என்று அக்கா கேட்டதற்குச் சரியான பதில் உடனே வந்தது. தெரியாமல் இல்லை. வார்டுக்குக் காலை ரிப்போர்ட் போக வேண்டிய நேரமும் கன்ட்ரோல் கரைய வேண்டிய நேரமும் மோதிக்கொண்டன. எஸ்ஓபியிலும் (எழுதி வைத்த செயல்முறை) "நன்கு கலக்கவும்" என்றுதான் இருந்தது, எப்படி என்று இல்லை. கரைக்கும் வேலையை முன்னதாக நகர்த்தி, "குலுக்காமல் மெதுவாகச் சுழற்றவும்" என்று எஸ்ஓபியைத் திருத்திய பிறகு புள்ளிகள் சராசரியின் இருபுறமும் விழ ஆரம்பித்தன. திருத்திய பின் எடுத்த அந்த சார்ட்தான் நடவடிக்கை பலித்ததற்கான சான்று. கேஸ் விடையில் அந்தக் கடைசிப் படியை எழுத மறக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- கன்ட்ரோல் புள்ளிகளை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வெஸ்ட்கார்ட் விதிகளைப் பெயரால் மனப்பாடம் செய்யாதீர்கள். ஆர்-4எஸ் (இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே 4 எஸ்டிக்கு மேல் வித்தியாசம்) தற்செயல் பிழையைக் காட்டும், 2-2எஸ் (அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் 2 எஸ்டியைத் தாண்டுவது), 10-எக்ஸ் (தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கம் விழுவது) ஒரே பக்கம் சாயும் முறையான பிழையைக் காட்டும். எந்தப் பிழை என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும்.
- 1-2எஸ் (ஒரு புள்ளி மட்டும் 2 எஸ்டியைத் தாண்டுவது) எச்சரிக்கை மட்டுமே. எல்லாம் சரியாக இருந்தாலும் ஏறத்தாழ 20 புள்ளிகளில் ஒன்று 2 எஸ்டியைத் தாண்டும். அதற்காகக் கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது தப்பு.
- பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு என்று கேஸ் வந்தால் முதலில் ஊதா மூடிக் குழாயை நினையுங்கள். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ (பொட்டாசியம் உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்) கலந்த சாம்பிள் அது. தீர்வு ரத்தம் எடுப்பவர் பக்கம் இருக்கிறது, மெஷின் பக்கம் இல்லை.
- மருத்துவ ஆய்வகங்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 15189-இன் 2022 பதிப்பையே படியுங்கள். 2012 பதிப்பின் பிரிவு எண்கள் இப்போது பொருந்தாது. பணியாளர் தகுதி 6.2-இல், இணங்காத பணி 7.5-இல்.

வாய்மொழித் தேர்வில் பயிற்சிக்கும் திறன் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நிச்சயம் தோண்டுவார்கள். வகுப்பில் உட்கார்ந்த வருகைப் பதிவேடு திறனுக்குச் சான்று ஆகாது. வேலை செய்யும்போது நேரில் பார்ப்பது, பதிவுகளைச் சரிபார்ப்பது, முன்பே முடிவு தெரிந்த சாம்பிளை அடையாளம் சொல்லாமல் கொடுப்பது, சிக்கலைத் தீர்க்கச் சொல்லிப் பார்ப்பது என்று முறைகளைச் சொல்லுங்கள். ஆய்வகத் தரத்தை மேம்படுத்தும் பயிற்சியான எஸ்எல்எம்டிஏ திட்டத்தையும் உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 2009-இல் ருவாண்டாவின் கிகாலியில் தொடங்கியது. ஒரே மூச்சில் வகுப்பெடுத்து அனுப்பிவிடாமல், பயிலரங்குகளுக்கு நடுவே அவரவர் ஆய்வகத்திலேயே மேம்பாட்டுத் திட்டம் செய்ய வைக்கும் முறை அது. நான் இதைச் சொன்னதும் தேர்வாளர் அடுத்த கேள்வியை அதிலிருந்தே கேட்டார்.

குழுவாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அந்த நேரத்தில் உங்கள் ஆய்வகத்தின் பழைய குறைபாட்டுப் படிவங்களை எடுங்கள். "மறுபயிற்சி" என்று முடிந்தவற்றைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையான காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். அதில் பாதி முடிப்பதற்குள் கேஸ் தாள் பயம் போய்விடும்.