உலான்பாத்தரின் ஓவிய அறைகள்

கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓவியரின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் கண் போவது, சுவரோரம் திருப்பி வைத்திருக்கும் படங்களின் மேல்தான். காட்டத் தயங்குகிறவை அங்கேதான் இருக்கும். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் அதற்கு வாய்ப்பே அமையவில்லை. நான் சந்தித்த பெண் ஓவியர்கள் பலருக்கு ஸ்டுடியோ என்பது சோவியத் காலத்து அடுக்குமாடி வீட்டின் ஓர் அறை. அதிலும் பாதியில் துணி காயும், பிள்ளைகளின் புத்தகப்பை கிடக்கும்.

உப்புப் போட்ட பால் தேநீர் வந்த பிறகு, ஒருவர் தன் வேலையைக் காட்டினார். மரச்சட்டத்தில் பருத்தித் துணியை நூலால் இழுத்துக் கட்டி, பசையும் சுண்ணப்பொடியும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்க்கிறார். தொட்டுப் பார்த்தேன், முட்டை ஓடு மாதிரி இருந்தது. அதன் மேல் ஒரு மேகத்தின் விளிம்பை ஒரே மூச்சில் இழுத்தார். கோடு முடியும்வரை யாரும் பேசவில்லை. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்கூட பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்த மேகங்களுக்கு நடுவே, வழக்கமாகத் தெய்வம் அமரும் இடத்தில், ஒரு சலவை இயந்திரம்.

இந்தத் துணியும் கோடும், துணியில் பௌத்தத் தெய்வங்களை வரையும் தாங்கா ஓவியத்தின் வழி வந்தவை. முன்பு இது பெரும்பாலும் மடங்களில் துறவிகளின் கைத்தொழில். 1930களின் இறுதியில் அந்த மடங்களைக் கம்யூனிச அரசே இடித்து, துறவிகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. மிஞ்சிய கோட்டுமுறை ‘மங்கோல் ஜுரக்’ என்ற பெயரில் தேசியப் பாணியாகிக் கல்லூரிப் பாடமானது. மடத்துக்குள் போக வழியில்லாத பெண்கள் வகுப்பறையில் போய் உட்கார்ந்தார்கள். 1990க்குப் பிறகு, அந்த ஆட்சி முடிந்து தெய்வங்கள் திரும்பி வந்தபோது, தூரிகை பல பெண்களின் கையில் இருந்தது. ஊரீன்தூயா தாக்வசம்பு, நோமின் போல்ட் இருவரும் இந்த மரபில் வந்தவர்கள்தான். நோமினின் படங்கள் 2017இல் டாக்குமெண்டா என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி வரை போயின. 2022இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் மங்கோலிய அரங்கம் முழுவதும் முன்க்செத்செக் ஜல்காஜாவ் என்ற முகியுடையது. அவர் பாதை வேறு: துணியும் ஊசியும், பெண்ணுடலும் அதன் வலியும்.

ஜுரக்கில் நிழல் கிடையாது, தொலைவில் போய்ச் சிறுத்து மறையும் புள்ளியும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியர் மர்சான் ஷாரவ் வரைந்த ‘மங்கோலியாவின் ஒரு நாள்’ படத்தை உலான்பாத்தரின் ஜானபஜார் அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தால் புரியும். பால் கறப்பதும் பிள்ளை பெறுவதும் சண்டையும் சாவும் ஒரே துல்லியத்தில் இருக்கும். எதுவும் எதற்கும் பின்னணி இல்லை. வீட்டுவேலையை வரைய இதைவிடத் தோதான பாணி எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுத் தேர்வாளர்களுக்கு மட்டும் இன்னும் குதிரையும் புல்வெளியும் வேண்டும். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உலான்பாத்தரில் இருக்கிறார்கள், குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று சொன்னால், தலையாட்டிவிட்டுக் குதிரையையே தேடுவார்கள்.

சலவை இயந்திரப் படத்தைப் பட்டியலில் முதலில் வைத்து அனுப்பினேன். “இதில் மங்கோலியா எங்கே இருக்கிறது?” என்று தேர்வுக் குழுவிலிருந்து கேள்வி வந்தது. “இயந்திரத்தைச் சுற்றிலும்” என்று எழுதினேன். நீண்ட வாதத்துக்குப் பிறகு படம் தேர்வானது. குழுவில் ஒருவர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.