திருப்பூரில் மாலை ஐந்தரை மணி

திருப்பூருக்கு இதற்கு முன்னால் நான் போனதெல்லாம் கல்யாணங்களுக்குத்தான். மண்டபம், பந்தி, திரும்பி வரும் பஸ். ஊரைப் பார்க்க என்றே போனது 2025 செப்டம்பரில்தான். அந்த ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்கு மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. செய்திகளில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஏதாவது தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டவை 'ஆட்கள் தேவை' பலகைகள். டெய்லர், செக்கிங், அயர்னிங், ஹெல்பர் என்று தமிழிலும் இந்தியிலும். சரி, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. கொஞ்சம் நின்று பார்த்தபோதுதான் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. பெயின்டில் எழுதியது எப்போதும் இருப்பது. நல்ல காலத்திலும் அழிக்க மாட்டார்கள், கெட்ட காலத்திலும் அழிக்க மாட்டார்கள். இன்னொரு வகை, கேட்டில் கம்பி போட்டுக் கட்டிய சின்னக் கரும்பலகை. அதில் எத்தனை பேர் வேண்டும் என்பதை சாக்பீஸால் எழுதுகிறார்கள். ஒரு கம்பெனி வாசலில் 'டெய்லர்' என்ற சொல் அப்படியே இருக்க, பக்கத்தில் இருந்த எண்ணை மட்டும் யாரோ விரலால் தேய்த்து அழித்திருந்தார்கள். விரல் தடம்கூடத் தெரிந்தது.

மாலை ஐந்தரைக்கு ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். ஐந்து நிமிடத்தில் ரோடு நிறைந்துவிட்டது. ஸ்கூட்டியில் மூன்று பேர், டிபன் பையோடு நடக்கும் பெண்கள், கழுத்தில் ஐடி கார்டு தொங்க வட மாநிலப் பையன்கள். ஊர் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"அஞ்சரைக்கு ரோடு நிறைஞ்சா நல்லதில்லைங் தம்பி. எட்டரைக்கு நிறையோணும்."

திருப்பூரில் ஒரு நாள் வேலை என்றால் பெரும்பாலும் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. பனிரண்டு மணி நேரம் என்பது உடம்புக்குக் கொடுமைதான். அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாவற்றையும் அந்த அரை ஷிப்டை நம்பித்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் ஆளை உடனே நிறுத்த மாட்டார்கள். முதலில் அரை ஷிப்ட் போகும். வேலை போகவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் வராது. வாரச் சம்பளக் கவரில் மட்டும் தெரியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் அவர் தன் கடைக் கணக்கையே சொன்னார். இரவு ஏழு மணிக்கு ஒரு கம்பெனிக்கு இரண்டு கேன் டீ போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த நேரத்து டீயே நின்றுவிட்டது. காலை டீ மட்டும் அப்படியே போகிறது.

எதிரே குட்டியானை வண்டிகள் வரிசையாக நின்றன. இந்த ஊரில் ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் என்று துணி ஊரையே சுற்றி வரும், அத்தனைக்கும் இந்த வண்டிகள்தான். ஒரு டிரைவர் பின்பக்கத் தட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு வைக்க ஒரு துணி ரோல்கூட இல்லை, வெறும் தகரம்.

1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனிப்பாராம். கஷ்டம் வந்தால் ஆண்கள் முதலில் தள்ளிப்போடுவது யார் கண்ணுக்கும் தெரியாத அதைத்தான் என்பது அவர் எண்ணம். அதைத் தைக்கிற ஊரில் நின்றுகொண்டு யோசித்தபோது, அங்கே தள்ளிப்போடும் ஒரு பனியன் இங்கே ஒரு அரை ஷிப்ட் என்று பட்டது.

எல்லா அடையாளமும் என்றைக்கும் நிற்பதில்லை. ஒரு காலத்தில் நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதே தொழிலைச் சொல்லிவிடும் என்றார் டீக்கடைக்காரர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு சாயக் கழிவுநீர் துளியும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் திறந்தார்கள். அந்த அடையாளம் அழிந்தவரை நல்லது. ரயிலும் அப்படித்தான், நம்பிவிடக் கூடாது. பெட்டி படுக்கையோடு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பூஜைக்கு ஊர் போகிறவர்கள். திரும்பி வர டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். நான் கேட்ட நான்கு பேரில் ஒருவர்தான் எடுத்திருந்தார்.

எட்டரைக்கு மறுபடி அந்த டீக்கடைக்கே போனேன். ரோட்டில் நாய்கள் படுத்திருந்தன. தூரத்தில் ஒரே ஒரு கம்பெனியில் இரண்டாம் மாடியில் விளக்கு எரிந்தது. கதவு திறந்து முப்பது பேர் இருக்கலாம், வந்தார்கள். ஒரு பெண் கடைக்கு வந்து பார்சல் டீ கேட்டார். கடைக்காரர் பாய்லரை அணைக்கப் போனவர், நிறுத்திவிட்டுப் பால் ஊற்றினார்.

"உங்குளுக்கு மட்டும் ஒன்றரை போகுதுங்களா?"

"வர்ற சனிக்கிழமை வரைக்கும் இருக்குதுங்ணா."