வெள்ளை அங்கி அணிந்த வழித்துணை

'ஜர்னி' என்ற கேமை முதன்முறையாக விளையாடிய இரவில், ஒரு மணல்மேட்டின் உச்சியில் எனக்காக ஒருவர் காத்து நின்றார். அவர் யார், எந்த நாட்டவர், என்ன வயதினர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த கேம் வழி வைக்கவும் இல்லை. என் உருவம் சிவப்பு அங்கியில் இருக்க, அவருடையது மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த நிறத்தின் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. அவர் சற்று முன்னே போவார், நின்று நான் வந்து சேரும்வரை பொறுத்திருப்பார், நான் திசை தவறி இறங்கும்போதெல்லாம் மணியோசை போன்ற ஒரு சிறு ஒலியை எழுப்பி அழைப்பார். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான அந்தச் சந்திப்பை நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'தட்கேம்கம்பெனி' என்ற நிறுவனம் உருவாக்கிய 'ஜர்னி', 2012 மார்ச் மாதத்தில் பிளேஸ்டேஷன் 3-இல் வெளியானது. நீங்கள் தனியாக நடந்துகொண்டிருக்கும்போது, உலகின் எங்கோ ஓரிடத்தில் அதே கட்டத்தை விளையாடிக்கொண்டிருக்கும் இன்னொருவரை, எந்த அறிவிப்பும் இல்லாமல் உங்கள் பாலைவனத்துக்குள் அது கொண்டுவந்து விடும். மைக் கிடையாது, எழுதி அனுப்பும் வசதி கிடையாது, தலைக்கு மேல் பெயரும் கிடையாது. பேசுவதற்கென்று இருப்பது அந்த ஒரே ஒலிதான். கழுத்தில் தொங்கும் துண்டில் ஒளி இருக்கும்வரை பறக்கலாம். ஒளி தீர்ந்துவிட்டால், இன்னொருவர் அருகில் வந்து தொட்டாலே இருவருடைய துண்டுகளும் மீண்டும் ஒளி பெறும்.

பயணத்தின் பிற்பகுதியில் பனிமலை வருகிறது. குளிரில் துண்டு உறைந்து, பறக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். எதிர்க்காற்று வீசும்போது கல் மறைவுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்காவிட்டால், ஏறிய தூரமெல்லாம் வீணாகும்படி காற்று பின்னுக்குத் தள்ளிவிடும். எனக்கு அது தெரியவில்லை. காற்று அடங்குமுன்பே வெளியே வந்து, சரிவில் வெகுதூரம் பின்னால் தள்ளப்பட்டேன். அவர் அடுத்த மறைவை எட்டிவிட்டிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் அந்த மலையைத் தனியாகவும் ஏறி முடித்துவிடலாம். ஆனால் அவர் தான் ஏறிய தூரத்தை விட்டுக்கொடுத்துக் கீழே இறங்கி வந்தார். இருவரும் ஒட்டி நின்றோம். காற்று தணிந்ததும் அவர் ஒரு முறை ஒலி எழுப்பினார், நானும் எழுப்பினேன். அதன்பின் அந்த ஒலியே எங்களுக்குள் 'இப்போது போகலாம்' என்ற சொல்லாகிவிட்டது. யாரும் கற்றுத்தராத ஒரு மொழியை முன்பின் அறியாத இருவர் ஒரு கல்லின் மறைவில் உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதை அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஐவர் அணியாக மோதும் ஒரு கேமில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் தவறால் ஒரு சுற்று கைவிட்டுப் போனது. அணியில் இருந்த ஒருவர் ஆட்டம் முடியும்வரை மைக்கில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். மற்ற மூவரும் வாய் திறக்கவில்லை. அன்று அணைத்து வைத்த மைக்கை வெகு நாட்கள் நான் போடவே இல்லை. முகம் தெரியாத இடத்தில் மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இப்போது யோசிக்கும்போது அந்த முடிவு அவசரமானது என்று தோன்றுகிறது. பெயரும் முகமும் 'ஜர்னி'யிலும் தெரிவதில்லை. அந்த அணி ஆட்டத்தில் என்னைத் திட்டியவரே பனிமலையில் எனக்காக இறங்கி வந்தவராகவும் இருந்திருக்கலாம். அப்படி இருக்க முடியாது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

'ஜர்னி'யின் இயக்குநர் ஜெனோவா சென் சொல்லியிருக்கும் ஒரு செய்தி இதைத் தெளிவாக்குகிறது. உருவாக்கத்தின் தொடக்கத்தில், ஒருவரை ஒருவர் தள்ளி உதவிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். ஆனால் விளையாடியவர்கள் துணைக்கு வந்தவரை ஆபத்துக்குள் தள்ளிவிட்டுப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். புதிய உலகத்துக்குள் நுழைகிறவர் குழந்தையைப் போல, எதைச் செய்தால் அதிக விளைவு தெரிகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார் என்பது அவருடைய விளக்கம். ஆகவே மோதித் தள்ளும் வசதியையே எடுத்துவிட்டார்கள். இடித்தால் ஒன்றும் நடக்காது, அருகில் வந்தால் ஒளி பெருகும் என்று மாற்றியதும், அதே மனிதர்கள் ஒருவரை ஒருவர் தேடி ஓடிவரத் தொடங்கினார்கள். நட்புக்கு இடம் விட்டால் அதை நிரப்ப ஆட்கள் வருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

'டீமன்ஸ் சோல்ஸ்' என்ற இன்னொரு கேம் 2009-இல் வந்தது. அதை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி, முன்பின் தெரியாதவர்கள் உதவிக்கு வந்து போகும் அதன் முறைக்குத் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியே தூண்டுதல் என்று ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார். திடீரெனப் பனி பெய்த ஒரு நாளில், மேட்டுச் சாலையில் கார்கள் வழுக்கி நின்றுவிட்டன. பின்னால் இருந்த கார்கள் முன்னால் இருந்தவற்றை முட்டித் தள்ளி, ஒவ்வொன்றாக மேடேற்றிவிட்டன. நின்று நன்றி சொன்னால் தம் காரும் மீண்டும் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவரால் நிற்க முடியவில்லை. வரிசையில் கடைசியாக இருந்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்ற எண்ணம் அவரை விடவில்லை. இனி சந்திக்கவே போவதில்லை என்பதால்தான் அந்த நினைவு அவ்வளவு நாள் தங்கியது என்று அவர் சொன்னது எனக்கு முழு உண்மையாகப் படுகிறது.

அதே மரபில் 2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' கேமில், தரையில் ஒளிரும் ஒரு குறியைத் தொட்டு வேறொருவரை உதவிக்கு அழைக்கலாம். பலமுறை தோற்று, கையும் மனமும் ஓய்ந்திருந்த ஒரு மாலையில் நான் அழைத்தவர், வந்ததும் முதலில் குனிந்து வணங்கினார். பிறகு எனக்கும் பகைவனுக்கும் இடையில் கேடயத்தோடு போய் நின்றார். வென்ற சில நொடிகளில் கேம் அவரை அவருடைய உலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சில நொடிகளையும் அவர் இன்னொரு வணக்கத்துக்குச் செலவிட்டார். உதவியதற்காக அவருக்குக் கேமில் ஆதாயம் உண்டு. வணக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. அவசரத்தில் பொத்தான் தேடி நானும் வணங்குவதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

நாம் அழைத்தால் வெகுதூரத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. 'எலீட் டேஞ்சரஸ்' என்ற விண்வெளி கேமில் எரிபொருள் தீர்ந்துவிட்டால், கப்பலின் இயக்கங்கள் ஒவ்வொன்றாக நின்று, மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் நேரம் திரையில் குறையத் தொடங்கும். அப்படிச் சிக்கியவர்களுக்கு எரிபொருள் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்றே 'ஃபியூயல் ராட்ஸ்' (எரிபொருள் எலிகள்) என்ற விளையாட்டாளர் குழு இயங்குகிறது. ஆக்சிஜன் கடிகாரம் ஓடுகிறது என்று சொன்னால், உடனே முதன்மை மெனுவுக்கு வெளியேறிக் காத்திருக்கச் சொல்வார்கள், ஏனென்றால் வெளியே இருக்கும்போது அந்த நேரம் குறைவதில்லை. பிறகு நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் கடந்து வந்து எரிபொருள் ஊட்டிவிட்டு, கட்டணம் எதுவும் வாங்காமல் திரும்பிப் போவார்கள். தன் மாலைப்பொழுது முழுவதையும் ஒரு அந்நியரின் கவனக்குறைவைச் சரிசெய்யக் கொடுப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

'ஜர்னி'க்குத் திரும்புகிறேன். பயணம் முடிந்த பிறகுதான், வழியில் உடன் வந்தவர்களின் கணக்குப் பெயர்களைத் திரை காட்டுகிறது. அன்று ஒரே ஒரு பெயர் வந்தது. அதற்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று நெடுநேரம் யோசித்து, அனுப்பாமல் விட்டேன். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஒலியில்தான். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை.

வெள்ளை அங்கியின் பொருளைப் பிறகு தெரிந்துகொண்டேன். மறைந்து கிடக்கும் ஒளிக்குறிகள் அனைத்தையும் கண்டெடுத்தவருக்கே அது கிடைக்கும். அதாவது அவர் அந்த மலையை ஏற்கெனவே ஏறியவர். அங்கே அவருக்குப் புதிதாகப் பார்க்க ஏதும் மிச்சம் இருந்திருக்காது. சில வாரங்களில் எனக்கும் அந்த அங்கி கிடைத்தது. அதை அணிந்து நான் நுழைந்த முதல் பயணத்திலேயே, குட்டையான துண்டோடு ஒரு சிவப்பு அங்கி மணலில் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. மேட்டின் உச்சிக்குப் போய் நின்று, ஒரு முறை ஒலி எழுப்பினேன். அந்த உருவம் நின்றது, திரும்பியது, சற்றுத் தயங்கிய பின் எனக்கு மறுஒலி கொடுத்தது.